புதிதாக்கப்பட்டும் ஓடாதது ஏன்?



 

இந்த மாதச் செய்திக்கு ஆதார வேதபகுதி யோவான் 11:38-44. மேற்கொண்டு வாசிக்கும் முன் வேதத்தை எடுத்து அந்த ஏழு வசனங்களையும் ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

லாசரு மரித்து நாலு நாள் ஆகிவிட்டது. கர்த்தர் கல்லறைக்கு முன்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். லாசரு வெளியே வந்தான். உயிர் வந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கை கட்டப்பட்டிருக்கிறது, கால் கட்டப்பட்டிருக்கிறது, முகத்தைச் சுற்றிலும் துணி. அப்பொழுது ஆண்டவர் என்ன செய்தார்? மரித்தவனை எழுப்பத் தெரிந்தவருக்கு அந்தத் துணியை அவிழ்க்கத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, கட்டை அவிழ்த்து அவனைப் போகவிடும்படி சொன்னார். உயிர் கொடுக்கும் வேலையை அவர் வைத்துக்கொண்டார். கட்டு அவிழ்க்கும் வேலையை நமக்குக் கொடுத்தார்.

தேவபிள்ளைகளே, ஒன்று யோசித்துப் பாருங்கள். அங்கே நின்றவர்கள், "இவன் சரியாக நடக்கவில்லையே, இவன் உயிர்த்தெழுந்தது உண்மையாக இருக்காது. மறுபடியும் கல்லறைக்குள் தள்ளுங்கள், ஆண்டவர் இன்னொருதரம் கூப்பிடட்டும்" என்று சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் இன்றைக்கு அநேக சபைகளில் நடப்பது இதுதான். குடியை விட்டு வந்த ஒரு தம்பி ஆறு மாதம் கழித்து ஜெபக்கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், "இவனுக்கு இரட்சிப்பே இல்லை பாஸ்டர், மறுபடியும் முன்னால வரச் சொல்லுங்க" என்கிறோம். ஒவ்வொரு எழுப்புதல் கூட்டத்திலும் அதே ஆட்கள் அதே கண்ணீரோடு முன்னால் வருகிறார்கள். அஸ்திபாரத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று எபிரெயர் 6-ம் அதிகாரத்தின் ஆரம்பத்தில் எழுதியிருக்கிறது. நாமோ வருஷா வருஷம் அஸ்திபாரத்தைத் தோண்டிப் பார்க்கிறோம்.

இந்தச் சத்தியத்தை ஆவியானவர் எனக்கு ஒரு இன்ஜின் பட்டறையில் வைத்து விளங்கப்பண்ணினார். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மந்தைவெளி பட்டறையில்

நம்முடைய சபையில் மந்தைவெளிப் பக்கம் சின்ன இன்ஜின் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிற ஒரு மூத்த சகோதரர் உண்டு. புல் வெட்டுகிற மெஷின், சின்ன ஜெனரேட்டர், மருந்து அடிக்கிற ஸ்பிரேயர் எல்லாம் அவரிடம் வரும். எல்லாரும் அவரை மெக்கானிக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

டிராக்டர் என்றால் நமக்கு வயலில் ஓடுகிற பெரிய வண்டிதான் ஞாபகம் வரும். 1960-ல் நம்முடைய சென்னையில் ஆரம்பிக்கப்பட்ட டாஃபே கம்பெனியின் சிவப்பு டிராக்டரைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் தோட்ட வேலைக்கென்று சின்ன வண்டி ஒன்று இருக்கிறது. மினி டில்லர் என்பார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும், அது மண்ணைக் கிளறிக்கொண்டே போகும். ஒரே ஒரு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற பெட்ரோல் இன்ஜின்.

அடையாறு காந்தி நகர், போட் கிளப் பக்கம் பெரிய வீடுகளில் தோட்ட வேலை எடுத்துச் செய்கிற ஒரு தம்பி அப்படி ஒன்று வைத்திருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது வேளச்சேரியில் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் நின்ற மெஷின் தண்ணீருக்குள் போய்விட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் பாடுபட்டவர்களுக்குத் தெரியும், தண்ணீர் வடிந்தாலும் சேறு வடியாது. பல வாரம் கழித்து இன்ஜினைத் திறந்தபோது உள்ளே துரு, வண்டல். வாங்கியதும் கடனில்தான். அது ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

மெக்கானிக் அண்ணன் முழுவதையும் பிரித்தார். லேத்தில் கொடுத்து சிலிண்டரைப் போரிங் பண்ணி, 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங், புது கேஸ்கெட் போட்டார். சாமான் எல்லாம் ஜி.பி. ரோட்டில் வாங்கியது. பூட்டி முடித்த அன்றைக்கு நானும் வேறொரு காரியமாக அங்கே போயிருந்தேன். தம்பி கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், முப்பது தரம் இழுத்திருப்பார். ஒரு சத்தம் இல்லை.

"இன்னாண்ணா, இவ்ளோ செலவு பண்ணியும் செத்த மாதிரியே கீது. திரும்பப் பிரிச்சுப் பாருண்ணா" என்றார், கண் கலங்கி.

மெக்கானிக் அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "இப்போ பிரிச்சா நேத்து போட்ட கேஸ்கெட் வீணாப் போயிடும் தம்பி. புதுசா வேலை பாத்த இன்ஜின் ஓடலைன்னா உடனே உள்ளே கை வைக்கக் கூடாது. வெளியில இருந்து உள்ளே போகணும். சுலபமானதை முதல்ல பாரு."

பிரியமானவர்களே, அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு வேதபாடசாலை வகுப்பாக இருந்தது. அவர் செய்ததை வரிசையாகச் சொல்லுகிறேன்.

1. அமுக்கம் இருக்கிறதா?

முதலாவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தம்பியைக் கயிறு இழுக்கச் சொன்னார். உள்ளேயிருந்து காற்று விரலைத் தள்ளியது. "கம்பிரஷன் இருக்கு. பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் வேலை செய்யுது. இது செத்த இன்ஜின் இல்ல" என்றார். காற்று தள்ளவே இல்லையென்றால் அப்போது ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றும் சொன்னார்.

ஒரு விசுவாசியைக் குறித்து முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. பாவம் செய்தால் அவனுக்கு உறுத்துகிறதா? தப்பு செய்த இரவு தூக்கம் வரவில்லையா? சபைக்கு வராத ஞாயிற்றுக்கிழமை மனசு தள்ளுகிறதா? தள்ளுகிறது என்றால் உள்ளே ஜீவன் உண்டு. அவனை மறுபடியும் மறுபடியும் பிரித்துப் போடாதிருங்கள். எந்த உறுத்தலும் இல்லாமல் பாவத்தில் சந்தோஷமாக இருக்கிறான் என்றால் அது வேறு காரியம். அங்கே மனந்திரும்புதலின் செய்தியைத் தைரியமாகச் சொல்ல வேண்டும். சோதித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒன்றாக்குவதுதான் ஆபத்து.

2. நெருப்பு எங்கே போகிறது?

அடுத்தது, கழற்றிய பிளக்கைப் பார்த்தார். நனைந்திருந்தது. "பெட்ரோல் வருது பாஸ்டர். காஞ்சிருந்தா பெட்ரோல் வரலைன்னு அர்த்தம். நனைஞ்சிருந்தா நெருப்பு வரலை" என்றார். பிளக்கைத் துடைத்து, இடைவெளியை 0.7 மி.மீ. வைத்து, வயரோடு மாட்டி, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, பிளக்கை இன்ஜின் உடம்பில் தொட வைத்து இழுக்கச் சொன்னார். பொறி இல்லை.

காயிலிலிருந்து சுவிட்சுக்கு ஒரு மெல்லிய வயர் போகிறது. இன்ஜினை நிறுத்துகிற வயர் அது. ஸ்டாப் சுவிட்சைப் போட்டால் அந்த வயர் மின்சாரத்தை இன்ஜினின் இரும்பு உடம்புக்கு இறக்கிவிடும். அப்போது பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு பூமிக்குப் போய்விடும், இன்ஜின் நின்றுவிடும். மெக்கானிக் அண்ணன் அந்த வயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடியும் இழுக்கச் சொன்னார். பளிச்சென்று நீல நிறத்தில் பொறி வந்தது! அந்தத் தம்பி "அண்ணா!" என்று கத்தியே விட்டார்.

மூடியை எடுத்துப் பார்த்தால், பூட்டும்போது அந்த வயர் தகட்டுக்கு அடியில் நசுங்கி, மேல் தோல் கிழிந்து, இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவிட்ச் ஆனில் இருந்தாலும் இன்ஜினுக்கு அது ஆஃப்தான். நெருப்பு உற்பத்தி ஆகிறது, ஆனால் எல்லாம் எர்த் ஆகிப் போகிறது. புதிய பிஸ்டனில் குறை இல்லை, போரிங்கில் குறை இல்லை. ஒரு சாண் வயர்!

அல்லேலூயா! வசனம் உள்ளே போகிறது, அபிஷேகமும் கிடைத்திருக்கிறது, ஆனாலும் சாட்சி இல்லை, ஜெபம் இல்லை, துதி இல்லை என்றால், எங்கேயோ ஒரு வயர் நசுங்கித் தொட்டுக்கொண்டிருக்கிறது. அது பாவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பயமாக இருக்கலாம், வெட்கமாக இருக்கலாம், கடனாக இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. மூடியைத் தூக்கிப் பார்க்கிற அன்புள்ள ஒரு கை வேண்டும்.

நம்முடைய சபையிலேயே நடந்ததைச் சொல்லுகிறேன். சம்பந்தப்பட்ட சகோதரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயரும் தெருவும் வேண்டாம். ஆட்டோ ஓட்டுகிற அந்தத் தம்பி குடியை விட்டு, ஞானஸ்நானம் எடுத்து, பதினாலு மாதம் ஆகியிருந்தது. ஆரம்பத்தில் கைதட்டிப் பாடினவர் பிற்பாடு கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்தார். ஆசீர்வாதம் முடியுமுன் எழுந்து போய்விடுவார். "பின்மாற்றம்" என்று நாலு பேர் பேசினார்கள். அந்தப் பேச்சு அவர் மனைவியின் காதிலும் விழுந்தது. "இனிமே நாம சர்ச்சுக்குப் போக வேணாங்க" என்று அந்தச் சகோதரி வீட்டில் அழுதிருக்கிறார்கள்.

மெக்கானிக் அண்ணன் ஒருநாள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலையில எழுந்ததும் முதல்ல எதை நெனச்சு பயப்படுறே தம்பி?" அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்தது. பழைய குடிகாலத்தில் வாங்கின தண்டல் கடன் மூன்று. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, 8,500 ரூபாய் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிற கடன். தவணை தவறத் தவற அது வளர்ந்துகொண்டே போயிற்று. விடியற்காலையிலேயே வாசலில் ஆள் நிற்பான். சபையில் கை உயர்த்தினால் "கடன்காரன் கை தூக்குறான் பார்" என்று யாராவது சொல்லுவார்களோ என்று வெட்கம். நெருப்பு எல்லாம் அந்த வயர் வழியாகப் பூமிக்குப் போய்க்கொண்டிருந்தது!

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு சகோதரர்கள் அவரோடு உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவைகளைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது என்பதைச் சட்டம் படித்த ஒரு சகோதரர் விளக்கிச் சொன்னார். ஏழைச் சகோதரனிடத்தில் வட்டி வாங்காதே என்பது லேவியராகமம் 25-ல் உள்ள கர்த்தருடைய கட்டளை. சபையின் உதவி நிதியிலிருந்து வட்டியில்லாமல் கொடுத்து இரண்டு கடன் அடைக்கப்பட்டது. மூன்றாவது ஆளிடம் சகோதரர்கள் நேரில் போய்ப் பேசி அசலோடு முடித்தார்கள். தம்பி மாதா மாதம் 2,000 ரூபாய் சபைக்குத் திருப்பிக் கட்டி வருகிறார். ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் அவர் சத்தமாக ஜெபித்தார். இன்னும் சில வாரம் வராமல் இருந்துவிடுகிறார், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் மறுபடியும் பாட்டுச் சத்தம் கேட்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

3. மூச்சு விட வழி உண்டா?

வயரைச் சரிசெய்து ஒரே இழுப்பில் இன்ஜின் ஓடியது. எல்லாரும் கை தட்டினோம். பத்து நிமிஷம் ஆயிற்று, திக்கித் திக்கி நின்றுவிட்டது. தம்பியின் முகம் மறுபடியும் வாடிப்போயிற்று. டாங்கில் பெட்ரோல் நிறைய இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் டாங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினார். உஸ் என்று காற்று உள்ளே போனது. மறுபடியும் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அந்த மூடியில் ஊசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, மேலே காற்று உள்ளே வரவேண்டும். வெள்ளத்துச் சேறு அதை அடைத்துவிட்டது. காற்று வராததால் டாங்க் நிறைய இருந்தும் இன்ஜின் பட்டினி கிடந்தது.

கன்வென்ஷனில் பற்றி எரிந்துவிட்டுப் புதன்கிழமைக்குள் அணைந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்களுக்கு இன்னும் ஒரு உபவாசக் கூட்டம் வையுங்கள் என்கிறோம். டாங்க் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது! மூச்சு விடத்தான் வழியில்லை. தி.நகர் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்று வேலை செய்கிற நம்முடைய சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். நிற்கிறவர்களின் கால்வலி அரசாங்கத்துக்குத் தெரிந்தது. சபைக்குத் தெரிய வேண்டாமா? எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாவே மேல் என்று சொன்னபோது (1 இராஜாக்கள் 19), கர்த்தர் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் கொடுத்தார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

களைத்துப்போன சகோதரியின் பிள்ளையை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவும் ஊழியமே.

4. முதல் இருபது மணி நேரம்

மெஷினைக் கொடுத்தனுப்பும்போது மெக்கானிக் அண்ணன் தம்பிக்கு ஒரு புத்தி சொன்னார்: "முதல் இருபது மணி நேரம் கட்டாந்தரையில விடாதே. அதுக்காகச் சும்மா ஐடில்லயும் ஓட விடாதே. மிதமான வேலை குடு, அப்பத்தான் ரிங் சிலிண்டரோட பொருந்தும். அப்புறம் ஆயில மாத்திடு. ஆயில் கறுப்பா, பொடிப்பொடியா இரும்பு மினுக்கிட்டு வரும். பயந்துடாதே, முதல் ஆயில் அப்படித்தான் வரும்."

இது எவ்வளவு பெரிய ஆலோசனை! ஞானஸ்நானம் எடுத்த மறு மாதமே ஒருவரை மேடையில் ஏற்றி, ஆயிரம் பேருக்கு முன்னால் சாட்சி சொல்ல வைக்கிறோம். அது கட்டாந்தரை. புதிதாய் விசுவாசித்தவனைக் கண்காணிப்பு ஊழியத்தில் வைக்க வேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினான் (1 தீமோத்தேயு 3:6). வேறு சிலரை ஒரு வேலையும் கொடுக்காமல் கடைசி பெஞ்சில் வருஷக்கணக்காக உட்கார வைக்கிறோம். அது ஐடில். பாய் விரிக்க, வியாதியஸ்தரைப் பார்க்கப் போக, பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டி வர என்று மிதமான வேலை கொடுங்கள்.

பழைய கோபம், பழைய வார்த்தை நடுவில் வெளியே வந்தால் பயப்படாதிருங்கள். அது முதல் ஆயிலில் வருகிற இரும்புப் பொடி. அதற்காக இன்ஜினைத் தூக்கி எறிவார் உண்டோ? ஆயிலை மாற்றுவார்கள். அப்படிப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ண வேண்டியது ஆவிக்குரியவர்களின் கடமை என்பது கலாத்தியர் 6:1-ன் போதனை. சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபா ஒருவன்தான் அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் அழைத்துப் போனான் (அப்போஸ்தலர் 9:26-27).

தேவஜனமே, இந்த மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வரிசையில் மவுனமாகிப்போன ஒருவரை ஆவியானவர் உங்களுக்கு ஞாபகப்படுத்துவார். அவரைக் குறித்து மற்றவர்களிடம் பேசாதிருங்கள். அவரிடத்திலேயே போங்கள். பிரசங்கம் வேண்டாம். எதை நினைத்துப் பயப்படுகிறாய் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். கையிலுள்ள கட்டு எங்கே என்று தெரிந்தால், அவிழ்க்கிறதற்கு வேண்டிய பெலனைக் கர்த்தர் தருவார்.

இதை வாசிக்கிற நீங்களே அந்த மவுனமானவராக இருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் செத்த இன்ஜின் அல்ல. உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் பாதியில் விடுகிறவர் அல்ல. தயவுசெய்து ஒரு சகோதரனிடமோ சகோதரியிடமோ வாயைத் திறந்து சொல்லுங்கள். ஒளித்து வைத்த வயரை யாராலும் சரிசெய்ய முடியாது.

ஜெபிப்போம்: பரலோகப் பிதாவே, எங்களை மரணத்திலிருந்து எழுப்பினதற்காக ஸ்தோத்திரம். எங்கள் நடுவில் உயிரோடிருந்தும் கட்டுண்டு நிற்கிற ஒவ்வொருவரையும் உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். குற்றம் சொல்லுகிற நாவை எங்களிலிருந்து எடுத்துப்போட்டு, அவிழ்க்கிற கைகளை எங்களுக்குத் தாரும். கடன்பட்டவருக்கு வழி திறந்தருளும், களைத்தவருக்கு இளைப்பாறுதல் தாரும், உமது அக்கினி வீணாய்ப் போகாமல் எங்களில் பற்றி எரியட்டும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்